பதினாறு முடிந்த மறுநாள்: துக்க வீட்டுக்கு ஒரு வருடம் துணை நிற்க முழுமையான வழிகாட்டி

கருமாதி அன்று தெருவே அந்த வீட்டில்தான் இருக்கும். மறுநாள் காலை பந்தல்காரர் வந்து கழியைப் பிடுங்குவார், வாடகை நாற்காலிகள் வண்டியேறும், வெளியூர்ச் சொந்தங்கள் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். அதுவரை வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தே பொழுது போன, கணவனை இழந்த அந்தப் பெண், அன்று மத்தியானம்தான் வீட்டில் முதல்முறையாகத் தனியாக உட்காருவார். நாம் போக வேண்டிய நேரம் அது. ஆனால் அன்றைக்குத்தான் யாரும் போவதில்லை.

ஒரு சிற்றூரில் நாங்கள் ஏழு பேர் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறோம். புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் அதே நாலைந்து இடங்களில்தான் தடுமாறுகிறார்கள், அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன். அலுவலக விவரங்கள் தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும். மற்றவை எந்த ஊருக்கும் ஆகும்.

1. தொடங்கும் முன்: ஆட்கள், ஒரு நோட்டு

நாலு பேர் இருந்தால் போதும். ஏழு பேர் என்றால் வசதி. பத்தைத் தாண்டினால், வேறு யாராவது போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு கடைசியில் யாருமே போகாமல் இருந்துவிடுவார்கள்.

ஆளுக்கொரு பொறுப்பு வேண்டும். சாப்பாடும் வீட்டு வேலையும் ஒருவர். தாலுகா ஆபீஸ், வங்கி, இ-சேவை மையம் என்று ஏறி இறங்கத் தெரிந்தவர் ஒருவர். பிள்ளைகளுக்கென்றே ஒருவர், இவர் வேறு எந்த வேலையிலும் தலையிடக் கூடாது. பெரியவர்களோடு சும்மா உட்கார ஒருவர். இந்தக் கடைசிப் பொறுப்புதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அதிகம் பேசுகிறவரை அதற்குப் போடாதீர்கள்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு நோட்டு. யார் எப்போது போனார்கள், என்ன கேட்டார்கள், எந்தக் காகிதம் எங்கே நிற்கிறது, எல்லாம் அதில். வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் எழுத வேண்டாம். ஒரு வீட்டின் கடன் விவரம் குழுவிலிருந்து வெளியே போய், அந்த வீட்டுப் பெண்ணின் காதுக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து குழுவில் போகும் நேரம் மட்டும்தான் பேசுவோம், விஷயம் நோட்டில்தான்.

பணம் வசூலிப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். பணம் வந்ததுமே யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பேச்சும் வந்துவிடும். வாங்கியவர்கள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவே கூசுவார்கள். பண உதவி அவசியம் என்றால் பள்ளிக் கட்டணம், கரண்ட் பில் என்று நேராகக் கட்டிவிடுங்கள்.

2. முதலில் சம்மதம், அப்புறம்தான் உதவி

துக்க வீட்டில் முடிவெடுக்கிறவர் ஒருவர் இருப்பார்: கொழுந்தனாரோ, மூத்த மகளோ, தாய்மாமனோ. அவரிடம் சொல்லுங்கள். ஆனால் கணவனை இழந்த பெண்ணிடமும் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். புதியவர்கள் இந்த இரண்டாவதைத்தான் விட்டுவிடுவார்கள். கொழுந்தனார் சரி என்று சொல்லியிருப்பார், அந்த அம்மாவுக்கோ யாரும் வருவது பிடித்திருக்காது. நாம் போய் நிற்போம், அவர் முகத்துக்காகச் சிரித்துவைப்பார்.

"என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது, தெரிந்தாலும் கேட்க வாய் வராது. "நாளைக்கு ராத்திரி இட்லி நான் கொண்டுவர்றேன், எட்டு மணிக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். அதற்குச் சரி, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்.

3. முதல் மூன்று நாள்

இதில் நம் ஊர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதிகம் இல்லை. உடல் கிடக்கும்வரை அந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள், அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளும். மறந்துபோவது சின்னச் சின்ன விஷயங்கள்: சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பாட்டி, பால் குடிக்கும் குழந்தை, மாதவிலக்கான பெண், சார்ஜ் இறங்கிய போன். இந்த நான்கையும் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும்.

இறந்தவரின் போனை யாராவது பத்திரமாக எடுத்து வையுங்கள். சிம்மை ரத்து செய்யச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். வங்கி, பிஎஃப், கேஸ் இணைப்பு என்று அடுத்த ஆறு மாதத்துக்கு ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். போனில் அவருடைய குரல் பதிவுகளும் படங்களும் இருக்கும். இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதைத்தான் தேடுவார்கள்.

4. பிள்ளையிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பையனிடம், அப்பா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மேல் தப்பில்லை, மனசு தாங்காமல் சொன்னதுதான். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பையன் ராத்திரி தூங்கவே இல்லை. அம்மா கண் அசந்தால் இமையைப் பிடித்துத் திறந்துபார்ப்பான். என்ன நடக்கிறது என்று எங்களுக்குப் புரியவே பத்து நாள் ஆனது.

தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார், சாமி கூப்பிட்டுக்கொண்டது, இந்த மூன்றும் வேண்டாம். வெளியூர் போனவர் திரும்பி வருவார் என்று பிள்ளை வாசலில் காத்திருக்கும். அப்பாவைக் கூப்பிட்ட சாமி அம்மாவையும் கூப்பிடும் என்று பயப்படும். "அப்பா இறந்துட்டார். அப்பாவோட இதயம் நின்னுபோச்சு. இனிமே அவரால மூச்சு விட முடியாது, வலிக்காது, பசிக்காது, திரும்பி வர முடியாது" என்று சொல்லுங்கள். சாமி நம்பிக்கை உள்ள வீடு என்றால் இதைச் சொன்ன பிறகு அதைச் சொல்லலாம்.

சொல்ல வேண்டியவர் பிள்ளை நம்பும் ஆள், முடிந்தால் அம்மா அல்லது அப்பா. அவர்களால் முடியவில்லை என்றால் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா. நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஐந்து வயதுக்குக் கீழே சாவு என்றால் திரும்பி வராதது என்பது பிடிபடாது. "அப்பா எப்ப வருவாரு" என்று மறுநாளும் கேட்கும், அடுத்த வாரமும் கேட்கும், அலுக்காமல் அதே பதிலைச் சொல்ல வேண்டும். ஆறேழு வயதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது: தான் கோபத்தில் ஏதோ சொன்னதால்தான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொள்ளும், வெளியே சொல்லாது. அதனால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: "நீ செஞ்சது, சொன்னது, நினைச்சது எதனாலயும் இது நடக்கலை." யார் என்னைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளே ஓடும் கேள்வி. காலையில் யார் எழுப்புவார், யார் பள்ளியில் விடுவார் என்ற அளவுக்கு அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அழுதுகொண்டிருந்த பிள்ளை பத்து நிமிடத்தில் பம்பரம் விடப் போய்விடும். "அப்பன் செத்தது கூடத் தெரியல பாரு" என்று யாராவது சொல்ல வாயெடுத்தால் தடுத்துவிடுங்கள். பிள்ளைகளால் துக்கத்தைத் தொடர்ந்து சுமக்க முடியாது, கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள்.

உடலைப் பார்க்கவா, சுடுகாட்டுக்குக் கூட்டிப்போகவா என்றால், அங்கே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிள்ளையையே கேளுங்கள். கொள்ளி வைக்க வேண்டிய பையன் பத்து வயதுக்காரனாக இருந்தால், ஒவ்வொரு சடங்கிலும் அடுத்து என்ன என்று காதில் சொல்ல ஒரு பெரியவர் கூடவே நடக்க வேண்டும். எங்கள் ஊரில் மொட்டையடிக்கும்போது ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

5. கருமாதிக்கு முன் ஒரு பேச்சு

தாலி வாங்குவது, வளையல் உடைப்பது, பூவை எடுப்பது என்று சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு மூன்று நாள் முன்பே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதை அவர் வாயால் சபையில் சொல்ல வைக்காதீர்கள். குடும்பத்திலேயே வயதான பெண் ஒருவரைப் பேசவையுங்கள், அவர் சொன்னால் எடுபடும். வேண்டும் என்று சொன்னால் அதையும் மதியுங்கள், நம் கொள்கையை நிறுவ இது இடம் இல்லை.

இஸ்லாமிய வீடுகளில் கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா (வெளியே போகாமல் துக்கம் காக்கும் காலம்) இருப்பார். அங்கே வெளி வேலைகளைத்தான் நாம் ஏற்க வேண்டும், உள்ளே போவது பெண்கள் மட்டும். கிறிஸ்தவ வீடுகளில் சபை ஆட்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பார்கள். அவர்களோடு நாட்களைப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

6. காகித வேலை: வரிசை மாறினால் இரட்டை அலைச்சல்

முதல் காகிதம் இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள்வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் ஒரு வருடம்வரை எழுத்து மூலமான அனுமதி வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவுவரை போகும். மருத்துவமனையில் இறந்தால் பதிவை அவர்களே அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் நகராட்சி, மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. சிகிச்சை பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்று அன்றே வாங்கிவிடுங்கள்.

பெயர் எழுத்து எழுத்தாக ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். பதியும்போதே ஆதார் நகலைக் கையில் கொடுத்து, திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். இனிஷியல் முன்னா பின்னா என்பதற்காக ஒரு குடும்பம் நான்கு மாதம் அலைந்தது.

அடுத்து வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விசாரணைக்குப் பிறகு தாசில்தார் கொடுப்பார். குடும்ப அட்டையிலிருந்து இறந்தவர் பெயரை நீக்கும் முன், பழைய அட்டையின் நகல் நான்கு எடுத்து வையுங்கள். எல்லோர் பெயரும் ஒன்றாக இருக்கும் காகிதம் அதுதான், பின்னால் பல இடத்தில் கேட்பார்கள்.

அப்புறம் வங்கி. ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறது, பின் நம்பர் தெரியும் என்று பணம் எடுத்துவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் வேண்டாம். பிற்பாடு பங்காளிகளுக்குள் பேச்சு வரும்போது அந்த ஆயிரம் ரூபாய்தான் முதலில் எழும். வாரிசு நியமனம் (நாமினி) இருந்தால் இறப்புச் சான்றோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

பாஸ்புக்கை வாங்கி, பதிவு அடித்து, மே, ஜூன் மாதங்களில் விரலை வைத்து வரி வரியாக இறங்கிப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது சுரக்ஷா காப்பீடு. விபத்து என்றால் 2 லட்சம். கணக்கு தொடங்கும்போது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரின் பாஸ்புக்கில் அந்த 436ஐப் பார்த்த அன்று, அவருடைய மனைவி பாஸ்புக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த வரியையே தடவிக்கொண்டிருந்தார். காப்பீட்டுக்கு அதே வங்கிக் கிளையில் மனு கொடுக்க வேண்டும், முதல் மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

கம்பெனி வேலையில் இருந்தவர் என்றால் பிஎஃப் பணம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதோடு சேர்ந்த காப்பீடு 7 லட்சம்வரை உண்டு, மனைவிக்கு ஓய்வூதியமும் இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயதுவரை பங்கும் உண்டு. கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர் என்றால் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று பீரோவில் தேடச் சொல்லுங்கள்.

வருமானம் இல்லாத விதவைக்கு மாத உதவித்தொகை தாலுகா அலுவலகத்தில். 2023இல் அது 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் பிள்ளை பெயரில் வரும், அதற்குத் தலைமையாசிரியரிடம் மனு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4000 கேட்கலாம். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கும், ஒருவர் இறந்து மற்றவர் சிறையிலோ தீராத நோயிலோ இருக்கும் பிள்ளைக்கும் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயதுவரை மாதம் 2000. இவற்றுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098இல் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். இறந்தவர் தனியாக வாங்கிய கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. ஜாமீன் போட்டிருந்தால் கதை வேறு. "பதினாறு முடியட்டும், காகிதத்தோட வாங்க" என்று சொல்ல ஒரு ஆள் வாசலில் இருந்தால் போதும். மகளிர் குழுக் கடன், வண்டிக் கடன் எதுவானாலும் கடனோடு காப்பீடு பிடித்தார்களா என்று கேட்காமல் ஒரு தவணைகூடக் கட்ட வேண்டாம். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து, யார் கேட்டாலும் கூடாது, சொந்தத் தம்பியே கேட்டாலும்.

எல்லாக் காகிதத்தையும் அந்தப் பெண்ணைக் கூடக் கூட்டிப்போய்ச் செய்யுங்கள். நாமே ஓடி முடித்துக் கொடுத்தால் வேகமாக முடியும், உண்மைதான். ஆனால் அடுத்த வருடம் உயிர்ச்சான்று கொடுக்க அவர் மறுபடி யாரையாவது தேட வேண்டியிருக்கும்.

7. பதினேழாம் நாள் முதல்: முறை போட்டுப் போவது

முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை. அப்புறம் ஆறு மாதம்வரை வாரம் ஒரு முறை. அதன் பிறகு மாதம் இரண்டு. நாளும் நேரமும் மாறக் கூடாது: செவ்வாய் நாலு மணி என்றால் செவ்வாய் நாலு மணி. அவருக்கு நாட்கள் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும், செவ்வாய் யாரோ வருவார்கள் என்பது ஒரு பிடி.

முக்கால் மணி நேரம் போதும். போனதும் கையில் ஏதாவது வேலை எடுத்துக்கொள்ளுங்கள், கீரை ஆயலாம், பூ கட்டலாம். கண்ணுக்குக் கண் பார்த்து உட்கார்ந்தால் வராத பேச்சு, முருங்கைக்கீரை உருவும்போது தானாக வரும். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அழுதுவிடுவாரோ என்று பயந்து எல்லோரும் பெயரையே எடுப்பதில்லை, ஊரே அவரை மறந்துவிட்டது என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்கிறார்.

"விதி", "நல்லவங்கள சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்", "பிள்ளைகளுக்காக மனச தேத்திக்க", "எங்க சித்தப்பா போனப்பவும் இப்படித்தான்", இவை வேண்டாம். எல்லாமே அவர் வாயை அடைக்கிற பேச்சு. "என்ன சொல்றதுன்னு தெரியலக்கா, இருக்கேன்" என்று சொன்னாலே போதும். பையனிடம் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பள" என்று சொல்வதையும் நிறுத்துங்கள், எட்டு வயதுத் தோளில் அதை ஏற்றாதீர்கள்.

ஆண்களிடம் இந்த முறை ஓடாது. மனைவியை இழந்தவரிடம் போய் உட்கார்ந்தால் அவர் டிவியைப் போட்டுவிடுவார். வேலையோடு போக வேண்டும். எங்கள் ஊரில் லோடு வண்டி ஓட்டும் ஒருவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தலை பின்னத் தெரியாமல் தினமும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், பிள்ளை பிரேயருக்குத் தினமும் தாமதம். எங்கள் குழுவில் ஒரு அக்கா நைலான் கயிற்றை ஜன்னல் கம்பியில் மூன்று புரியாகக் கட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். தடித்த விரல்கள், கயிறு நழுவிக்கொண்டே இருக்கும். நாலாவது நாள் பின்னல் நின்றது, ஐந்தாவது நாள் ரிப்பன் மடிப்பு. அந்த ரிப்பனை மடித்துக்கொண்டே, மனைவி கடைசியாக ஆஸ்பத்திரியில் என்ன கேட்டாள் என்று அவராகச் சொல்ல ஆரம்பித்தார்.

8. பள்ளிக்குத் திரும்பும் முன்

பிள்ளை போவதற்கு முதல்நாள் வகுப்பாசிரியரைப் பாருங்கள். மூன்று விஷயம் கேட்டால் போதும். மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதைப் பிள்ளையிடமே கேட்டு, அதை மட்டும் சொல்ல வேண்டும். அழுகை வந்தால் அனுமதி கேட்காமல் எழுந்துபோய் உட்கார ஒரு இடம் வேண்டும். "அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா" என்பதை "வீட்டுல கையெழுத்து" என்று மாற்றிச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் குறையும், எழுத்து கோணும், சிலர் சண்டை போடுவார்கள். அந்தப் பருவத்துக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் முன்பைவிட நல்ல பிள்ளையாக மாறிவிட்ட பிள்ளையைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அம்மா மேலும் அழக் கூடாது என்று அது எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கும்.

9. பிள்ளைகள் கூடும் சனிக்கிழமை

தன்னைப் போல இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று தெரிவதே பெரிய ஆறுதல். நாலு பிள்ளைகள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம், எட்டுக்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், நூலகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ. எந்த வீட்டிலும் நடத்தாதீர்கள், அந்த வீட்டுப் பிள்ளைக்கு விருந்தோம்பல் வேலை வந்துவிடும்.

எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. வீட்டில் எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். படம் எடுக்கவே கூடாது, நன்கொடையாளர் கேட்டாலும்.

முதலில் சுண்டல், அப்புறம் விளையாட்டு, அதன் பிறகுதான் நினைவு வேலை, கடைசியில் மறுபடி விளையாட்டு. நேராகத் துக்கத்தில் ஆரம்பித்தால் அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள். துக்கத்தோடு முடித்தால் அதே கனத்தோடு வீட்டுக்குப் போவார்கள். நினைவு வேலைக்குப் பழைய பிஸ்கட் டின் போதும்: இறந்தவருடைய ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, மேலே படம் ஒட்டலாம். ஒரு பெண் பிள்ளை அப்பாவின் பஸ் டிக்கெட்டுகளைக் கொண்டுவந்தது. இன்னொன்று அம்மாவின் புடவையில் கைக்குட்டை அளவு வெட்டி, துவைக்காமல் கவரில் போட்டு வைத்தது. வாசனை போய்விடும் என்று.

பேச விருப்பமில்லாத பிள்ளை கையை மட்டும் ஆட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது.

10. பெரியவர்கள் கூடுவது

இதுவும் மாதம் ஒருமுறைதான், ஆறேழு பேர். பிள்ளைகள் கூடும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் வைத்தால் அம்மாக்களால் வர முடியும். விதிகள் மூன்று: இங்கே பேசியது வெளியே போகாது, கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது, யார் துக்கம் பெரிது என்று அளக்கக் கூடாது. இழப்பு நடந்து முதல் மாதத்துக்குள் யாரையும் இங்கே கூட்டி வராதீர்கள். மற்றவர்கள் கதையைக் கேட்கும் தெம்பு அப்போது இருக்காது.

11. யாரும் விசாரிக்காத துக்கங்கள்

தற்கொலை நடந்த வீட்டில் எல்லோரும் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஏன், எப்படி என்று கேட்காதீர்கள், போலீசும் சொந்தமும் நூறு முறை கேட்டிருப்பார்கள். மற்ற வீட்டுக்குக் கொண்டுபோவது போலவே சாப்பாடு கொண்டுபோங்கள். பிள்ளைக்குப் பொய் சொல்ல வேண்டாம், எப்படியும் பள்ளியில் யாராவது சொல்லிவிடுவார்கள். விளக்கம் இல்லாமல் சின்னதாக, உண்மையாகச் சொல்லலாம்.

வயிற்றிலேயே இறந்த குழந்தை, பிறந்து இரண்டு நாளில் போன குழந்தை: சடங்கும் இல்லை, துக்கம் விசாரிப்பும் இல்லை. அந்தத் தாய்க்குப் பால் கட்டி வலிக்கும், அதைக்கூட யாரும் கேட்பதில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்துப்போங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். வளர்ந்த மகனைப் பறிகொடுத்த கிழவன் கிழவிக்கும் இதே நிலைதான், எல்லோரும் மருமகளிடம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

12. தேதிகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

நோட்டின் கடைசிப் பக்கத்தில்: முப்பதாம் நாள், பிறந்தநாள்கள், கல்யாண நாள், முதல் தீபாவளி, முதல் பொங்கல், பள்ளி ஆண்டுவிழா, தலைத் திதி (முதல் வருடத் திதி). கிறிஸ்தவ வீடு என்றால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளும். அன்றைக்கு முதல்நாள் ஒருவர் போய்வர வேண்டும். அந்த நாளைக் காட்டிலும் முந்தைய ராத்திரிதான் மோசம். தீபாவளி கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, பெரியவர்கள் சம்மதித்தால், நம் வீட்டு வாசலில் இரண்டு மத்தாப்பு.

13. நம் கை மீறும்போது

சாப்பாடு, தூக்கம் இரண்டும் வாரக்கணக்கில் போய்விட்டால், குடி கூடினால், "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தால், தாமதிக்காதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அப்படி ஒரு பதில் வந்தால் தனியாக விட வேண்டாம், பூச்சிமருந்தும் மாத்திரைகளும் வீட்டை விட்டு வெளியே போகட்டும். 14416 அரசின் மனநல உதவிக்கான இலவச எண், தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050. அவசரம் என்றால் 108. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூடவே போங்கள்.

ஆறு மாதம் கழித்தும் முதல் நாள் போலவே இருந்து, அன்றாட வேலை எதுவும் ஓடவில்லை என்றால் அதுவும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. அழுகிறார் என்பதற்காக மட்டும் கூட்டிப்போக வேண்டாம்.

போய்வருபவர்களும் மாதம் ஒருநாள் தங்களுக்குள் உட்கார வேண்டும். தன் வீட்டில் சாவு நடந்து ஒரு வருடம் ஆகாதவரை யாரையும் இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதில்லை.

14. நோட்டை ஒப்படைப்பது

தலைத் திதி முடிந்த வாரம் முறை வைத்துப் போவதை நிறுத்துகிறோம். திடீரென்று நிறுத்தக் கூடாது, இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் சனிக்கிழமை மட்டும் அவர்களாக வேண்டாம் என்று சொல்லும்வரை தொடரும்.

கடைசி முறை போகும்போது காகிதக் கோப்பை எடுத்துப் போங்கள்: இறப்புச் சான்று அசல், வாரிசுச் சான்று, பழைய குடும்ப அட்டை நகல், வங்கி மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, போன் நகல் இருக்கும் பென்டிரைவ். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, எது எதற்கு என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நோட்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள், நம்மிடம் நகல் இருக்கக் கூடாது. சிலர் வாங்கி அடுப்பில் போட்டுவிடுவார்கள். ஒரு அம்மா முதல் பக்கத்தைப் பிரித்து, "17ஆம் நாள், மாலை 4, கீரை" என்று எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார், அப்புறம் எழுந்துபோய்க் காப்பிக்குப் பால் வைத்தார்.